சந்தைக் கக்கூஸ் கதவுகள்

சங்குவிளை டவுன் பஞ்சாயத்தின் மாதக் கூட்டத்துக்குள் முத்துக்கனி ஒரு கதவைத் தலையில் சுமந்துகொண்டு நுழைந்தபோது, ஞானபாக்கியம் டீச்சர் இரண்டாவது உளுந்த வடையைக் கையில் எடுத்திருந்தாள்.

வடை காண்ட்ராக்டர் இசக்கியப்பனின் உபயம். கூட்டம் நடக்கிற நாளெல்லாம் வடையும் காப்பியும் அவன் செலவில் வந்து இறங்கும். வாயில் வடை இருக்கும்போது யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்பது அவன் கண்டுபிடித்து வைத்திருந்த அரசியல். அது பல வருஷமாகப் பொய்த்ததில்லை.

ஞானபாக்கியம் நாசரேத்துக்காரி. சங்குவிளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பெண்பிள்ளைகளுக்குத் தையல் பள்ளி நடத்திக்கொண்டிருந்தாள். தேர்தலில் பெண் ஒருத்தியும் ஜெயிக்காவிட்டால் ஒருத்தியை மெம்பராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம். பிரசிடெண்ட் செல்வதுரை ஊரெல்லாம் யோசித்து இவளைச் சேர்த்தார். ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர், வாயும் மூடியே இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

அன்றைக்குத் தீர்மானம் ஒன்றுதான். சந்தையில் ஆண்கள் கக்கூசுக்குக் கதவு போட வேண்டும். பெண்கள் பக்கத்துக்குப் போட்ட இசக்கியப்பனே இதற்கும் போடுவது. நிர்வாக அதிகாரி ஜெபசிங் அதைப் படித்து முடித்து, "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்ட நேரத்தில் கதவு உள்ளே வந்தது.

முத்துக்கனி சந்தையில் கருவாடு விற்கிறவள். வாட்டசாட்டமான ஆள். தலையிலிருந்த கதவை அவள் மேஜைமேல் இறக்கிய வேகத்தில் நாலைந்து காப்பி டம்ளர்கள் உருண்டு மெம்பர்களின் வேட்டியில் விழுந்தன.

"நான் கக்கூசுக்குள்ள இருக்கேன். காத்து ஒரு தள்ளு தள்ளிச்சி. கதவு அப்படியே எம் மடியில வந்து உக்காந்துட்டு. எதுத்தாப்புல வெங்காய ஏலம். ஏலத்துக்கு வந்த அம்புட்டு ஆம்பளையும் வெங்காயத்த உட்டுட்டு என்னயப் பாக்கானுவ."

பிரசிடெண்ட் வேட்டியை உதறிக்கொண்டே, "சரி சரி. ஆடிக் காத்துக்குப் பஞ்சாயத்து என்ன செய்யும்?" என்றார்.

"காத்தயா நான் குத்தஞ் சொன்னேன்?" முத்துக்கனி கதவைப் புரட்டிப் போட்டாள். பச்சைப் பெயிண்ட் உரிந்த இடத்தில் கறுப்பு மையில் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்துகள். "டீச்சர், நீங்க படிச்சவிய. இது என்னன்னு வாசிங்க."

ஞானபாக்கியம் எட்டிப் பார்த்தாள். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்கு மிஷின்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பெட்டிகளில் ஒன்றை உடைத்து, மேலே பெயிண்ட் அடித்துக் கதவு என்று மாட்டியிருந்தான் இசக்கியப்பன்.

"ஜாக்கிரதையாகக் கையாளவும். உள்ளே உடையும் பொருள்," என்று அவள் தமிழில் சொன்னாள். கீழே ஓர் அம்புக்குறியும் இருந்தது. "இந்தப் பக்கம் மேலே." கதவு மாட்டியிருந்தபடி பார்த்தால் அம்பு தரையைக் காட்டியது.

கடைசி வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"உடையும் பொருளாம்லா!" என்றாள் முத்துக்கனி. "நான் முழுசாத்தான் இருக்கேன். ஒங்க கதவுதான் உடைஞ்சி போச்சி."

இசக்கியப்பன் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "சீம மரம்க்கா அது. இந்த ஊர்ல எவன் வீட்டுல சீம மரத்துல கதவு இருக்கு, சொல்லு பாப்போம்."

முத்துக்கனி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஞானபாக்கியத்தைப் பார்த்தாள். "பொம்பளையளுக்குன்னு ஒரு மெம்பர் இருக்கியளே. அந்த வடையக் கீழ வச்சிட்டு எதாவது கேளுங்க டீச்சர்."

ஞானபாக்கியத்துக்குக் காது மடல் வரை சுட்டது. வடையைக் கீழே வைத்தாள். எண்ணெய்க் கையைச் சேலை முந்தியில் துடைத்துக்கொண்டு ஜெபசிங்கைக் கேட்டாள்: "இந்தக் கதவுக்கு எத்தன பேர்ட்ட வெல கேட்டிய?"

"விதிப்படி மூணு கொட்டேஷன் வந்துச்சும்மா," என்றார் ஜெபசிங், மேஜையைப் பார்த்துக்கொண்டே. "இசக்கியப்பன், பகவதி டிரேடர்ஸ், சுடலி மரக்கடை."

"பகவதி யாரு?"

"எம் பொண்டாட்டி," என்றான் இசக்கியப்பன்.

"சுடலி?"

"எங்க மாமியா."

"ஒங்க மாமியாருக்கு மரக்கடை இருக்கா?"

"கடை இல்ல டீச்சர். மரம் இருக்கு. வீட்டுக்குப் பின்னால, முருங்க மரம்."

இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஊருக்கே தெரிந்த சங்கதிதான். கேட்கிறவர் இல்லாததால் சொல்கிறவரும் இல்லாமல் இருந்தது, அவ்வளவே. ஞானபாக்கியம் விடவில்லை. "வேற யாருக்கும் தெரியாமப் போச்சே, நோட்டீஸ் எங்க ஒட்டினிய?"

"பொது இடத்துல ஒட்டணும்னு இருக்கு. பவுண்டுல ஒட்டினோம்."

தெருவில் திரிகிற மாட்டையும் கழுதையையும் பிடித்து அடைக்கிற இடம் பவுண்டு. ஒட்டிய அன்றைக்கே பசையோடு சேர்த்து நோட்டீஸை ஒரு கழுதை தின்றுவிட்டது என்பதை ஜெபசிங் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தில் அது இருந்தது. நல்ல மனுஷன்தான். மேலிடம் சொன்ன இடத்தில் ஒட்டி ஒட்டியே வயிற்றுப்புண் வந்தவர்.

ஞானபாக்கியம் திட்டம் ஒன்றும் போட்டு வைத்திருக்கவில்லை. ஆத்திரத்தில் வாய் முன்னால் போக, புத்தி பின்னால் ஓடி வந்தது. "இந்தத் தடவ மைக் செட் வச்சி ஊர் பூராவும் சொல்லுவோம். இஷ்டப்பட்டவன் எவனும் வரட்டும். வெல எழுதுன கவரையெல்லாம் சனிக்கெழம சந்தை நடுவுல வச்சிப் பிரிப்போம். வெறுந் தாளு மட்டும் போதாது. ஆளுக்கு ஒரு கதவு செஞ்சி கொண்டாரணும். தண்ணிய ஊத்தி மிதிச்சிப் பாப்போம். தாங்குற கதவுல எது வெல கொறவோ, அத வாங்குவோம்."

"கதவ நடுச் சந்தையில வச்சி மிதிக்கதா?" பிரசிடெண்ட் எழுந்துவிட்டார். "இது பஞ்சாயத்தா, பொருட்காட்சியா?"

அவர் மேலும் ஏதோ சொல்லியிருப்பார். அதற்குள் ஜன்னல் வழியாக அவர் கண்ணில் ஒரு காட்சி பட்டது. சந்தைப் பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் கக்கூசின் மிச்ச மூன்று கதவுகளும் அவர்கள் தலைமேல் வந்துகொண்டிருந்தன. கழற்றுவதற்கு ஆயுதம் ஒன்றும் தேவைப்படவில்லை, கையால் இழுத்ததும் வந்துவிட்டன என்று பின்னால் சொன்னார்கள். மேஜையில் இனி இடமில்லை என்பதைப் பிரசிடெண்ட் கணக்குப் போட்டார்.

"ஜெபசிங், இதுக்குச் சட்டத்துல எடம் இருக்கா?"

ஜெபசிங் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். "கூடாதுன்னு எங்கயும் போடல சார்," என்றார். அவர் சிரித்து அந்த ஆபீசில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார்கள்.

"சந்தைக் கக்கூசுக்குக் கதவு போட விரும்பும் அன்பார்ந்த பொதுமக்களே" என்று குதிரை வண்டியில் மைக் கட்டிக்கொண்டு ஒருவன் கத்திக்கொண்டே போனான். முத்தையாபுரம் வரைக்கும் சாயர்புரம் வரைக்கும் சேதி போயிற்று. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி வந்தது. இரண்டு பூட்டு. ஒரு சாவி ஜெபசிங்கிடம், இன்னொன்று முத்துக்கனியின் சுருக்குப்பையில்.

இசக்கியப்பன் தையல் பள்ளிக்கு வந்தான். "டீச்சர், நம்ம வீட்டுல தையல் மிஷின் ஒண்ணு சும்மா கெடக்கு. புள்ளையளுக்கு ஆவும்லா?"

"சும்மா கெடந்தா மைக்குல சொல்லுங்க. வேணுங்கிறவிய வந்து எடுத்துக்கிடட்டும்."

அவன் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தான். "என்னயக் கள்ளன்னு நெனக்கிய. சரி. பிரசிடெண்ட் மக கல்யாணத்துக்குப் பந்தலு யாரு போட்டா? மெம்பருவ வீட்டுக்கு வெள்ளையடிச்சது யாரு? இந்த வடையும் காப்பியும் வானத்துல இருந்தா விழுது? எல்லாம் அந்தக் கதவுக்குள்ளதான் இருக்கு டீச்சர். இம்புட்டும் உள்ள போன பெறவு மரத்துக்கு எங்கன எடம்?"

ஞானபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "இந்தத் தடவ மரத்தையும் கொஞ்சம் உள்ள வைங்க," என்று அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு சேவலோடு தம்பி அருமைநாயகம் நின்றுகொண்டிருந்தான். சாயர்புரத்தில் மரப்பட்டறை வைத்திருந்தான் அவன். "மைக்குல கேட்டேன்க்கா. நானும் போடுதேன்," என்றான். அவளுக்குச் சந்தோஷம். அவள் கல்யாணத்துக்குக் கட்டிலும் பீரோவும் செய்து கொடுத்தது அவன்தான்.

காப்பி குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "இசக்கியப்பன் எம்புட்டுப் போடுவான்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கவரு ஒங்க ஆபீஸ்லதான கெடக்கு. அதுக்குக் கீழ ஒரு வெல நான் போட்டா முடிஞ்சி போச்சி."

"பூட்டிக் கெடக்குலே. ஒரு சாவி முத்துக்கனிட்ட இருக்கு."

"கருவாட்டுக்காரிய நம்பிச் சாவி குடுப்ப. கூடப் பொறந்தவன நம்ப மாட்ட."

"நம்பாம என்ன? நீ செஞ்ச கட்டிலு இன்னைக்கி வரைக்கும் ஒரு ஆட்டம் ஆடல. அதே மாதிரி ஒரு கதவு செஞ்சி கொண்டா. ஒனக்கு எவன் வெலயும் தெரிய வேண்டாம்."

அருமைநாயகம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். போகும்போது சேவலையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரமே ஊரில் பேச்சு புறப்பட்டது. தம்பிக்குக் காண்ட்ராக்ட் கொடுக்கத்தான் டீச்சர் இந்த நாடகம் போடுகிறாள் என்றார்கள். பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து, அவள் முன்னால் இருப்பது தெரியாமலே இரண்டு பேர் அதை விஸ்தாரமாகப் பேசினார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

"பேசாம ஒந் தம்பிய வரண்டாம்னு சொல்லிரு," என்றார் அவள் புருஷன் எபனேசர்.

"எல்லாரும் வாங்கன்னு மைக்குல கத்திட்டு, அவன மட்டும் எப்படி வராதன்னு சொல்ல? அவன் என்ன பாவஞ் செஞ்சான், எனக்குத் தம்பியாப் பொறந்தத தவுர?"

எபனேசர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை சந்தையில் வெங்காய ஏலத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். நடுவில் மூன்று மர நிலைகளை நட்டு, மூன்று கதவுகளை மாட்டியிருந்தார்கள். கூட்டம் திருவிழாவுக்கு வந்ததுபோல் வந்திருந்தது. ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு ஊடே புகுந்து போனான்.

முதலில் மைக்கை வாங்கியது ஞானபாக்கியம். "சாயர்புரம் அருமைநாயகம் எங் கூடப் பொறந்த தம்பி. தெரியாதவிய தெரிஞ்சிக்கிடுங்க. அவன் கதவப் பத்தி நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். முடிவு சொல்ற எடத்துலயும் நான் இருக்க மாட்டேன்." பஸ்ஸில் பேசியவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் ஒளிந்துகொள்வது அவள் கண்ணில் பட்டது.

மிதிக்கிற வேலை முத்துக்கனிக்கு. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

முதல் கதவு தோணி கட்டுகிற ஆசாரி ஞானையாவுடையது. கொழும்புக்குப் போகிற தோணிக்கு வைப்பதுபோலத் தடித்த பலகை, இடுக்கெல்லாம் தார். வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். முத்துக்கனி ஓங்கி மிதித்தாள். கதவு அசையவில்லை, அவள்தான் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். ஆனால் திறக்கப் போனபோது இரண்டு பெண்கள் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

"கடலுக்கு நல்ல கதவுதான் ஆசாரி," என்றாள் முத்துக்கனி. "ஆனா அவசரமா வாரவ இதத் தெறக்கதுக்குள்ள காரியம் முடிஞ்சிரும்." விலையும் ஏகத்துக்கு இருந்தது. ஞானையாவே சிரித்துக்கொண்டு பீடி பற்ற வைத்தார்.

இரண்டாவது அருமைநாயகத்தின் கதவு. பாலீஷ் பளபளத்தது. நடுவில் ஒரு தாமரைப்பூவும் செதுக்கியிருந்தான். கக்கூசுக்கு இவ்வளவு அழகா என்று ஜனம் வாயைப் பிளந்தது. ஞானபாக்கியம் பெருமையை முகத்தில் காட்டாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தண்ணீர் ஊற்றினார்கள். முத்துக்கனி மிதித்தாள். தாமரைப்பூ அப்படியே பலகையோடு கழன்று பின்பக்கம் போய் விழுந்தது. இணைப்பில் ஆணியும் இல்லை, ஆப்பும் இல்லை. மரத்தூளில் பசையைக் குழைத்து அடைத்திருந்தான். பச்சை மரம் வேறு. ஓட்டை வழியாக அந்தப் பக்கம் நின்ற ஐஸ்காரன் தெரிந்தான்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "வேணும்னே ஓங்கி மிதிச்சிட்டா!" என்று அருமைநாயகம் கத்தினான்.

"எல்லாத்துக்கும் ஒரே மிதிதான் அண்ணாச்சி. தோணிக் கதவ மிதிச்சி வீங்குன காலு இது," என்று முத்துக்கனி காலைத் தூக்கிக் காட்டினாள்.

பிரசிடெண்ட் செல்வதுரை இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர்போல மைக்கை வாங்கினார். "டீச்சர் தம்பி ரொம்பத் தூரத்துல இருந்து வந்திருக்காரு. பாவம். வேற கதவு கொண்டாந்து இன்னொரு நாள் காட்டட்டுமே. என்ன டீச்சர் சொல்லுதிய?" குரலில் தேன் வழிந்தது. அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் இந்த மைக், பெட்டி, மிதி எல்லாம் அன்றோடு முடிந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும்.

அருமைநாயகம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் கணக்கு வாத்தியார் அடிக்கக் கூப்பிடும்போது பக்கத்து வகுப்பிலிருந்த அவளைப் பார்ப்பானே, அதே பார்வை.

ஞானபாக்கியம் மைக்குக்குப் போய் நின்றாள். "எல்லாருக்கும் ஒரு தடவன்னுதான் சொன்னோம். அடுத்த கதவப் பாப்போம்."

அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்றாவது இசக்கியப்பனின் கதவு. வேப்பம் பலகை. பூவும் இல்லை, பாலீஷும் இல்லை. குறுக்கே இரண்டு இரும்புப் பட்டை. முத்துக்கனி இதற்காகவே பலத்தைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு மிதிக்கு மேல் இரண்டாவதும் கொடுக்கப் போனவளை ஜெபசிங் தடுத்தார். கதவு நின்றது. ஒரு விரலால் தள்ளினால் திறந்தது. கவரைப் பிரித்து ஜெபசிங் விலையைப் படித்தார். போன தடவை பஞ்சாயத்து கொடுத்ததில் பாதிகூட இல்லை.

வெங்காயக் கமிஷன்காரர் ஒருவர் சத்தம் போட்டார். "ஏலே இசக்கியப்பா! அப்பொ போன தடவ பேக்கிங் பலகைக்கு இதுல ரெண்டு பங்கு வாங்குனியேல?"

"போன தடவ நீங்க யாரும் கேக்கலியே அண்ணாச்சி," என்றான் இசக்கியப்பன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சந்தை விழுந்து விழுந்து சிரித்தது. பிரசிடெண்ட் மட்டும் சிரிக்கவில்லை. மகள் கல்யாணப் பந்தலைப் பற்றி அடுத்தபடியாக யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டே அங்கிருந்து நழுவிவிட்டார்.

காண்ட்ராக்ட் இசக்கியப்பனுக்கே போயிற்று. முத்துக்கனிக்குப் பொறுக்கவில்லை. "இம்புட்டுக் கூத்தும் அடிச்சி, கடைசியில இந்தப் பயலுக்கேவா டீச்சர்?"

ஞானபாக்கியத்துக்கும் அது கசந்தது. அவன் தோற்க வேண்டுமென்று அவள் ரகசியமாக வேண்டிக்கொண்டிருந்தாள். "கதவு தாங்குதுல்லா? வெலயும் கொறவுதான? அப்புறம் அவன் மூஞ்சி நமக்கு எதுக்கு?" என்றாள். சொன்னது முத்துக்கனிக்கா தனக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் அருமைநாயகம் ஓட்டைக் கதவைச் சாயர்புரம் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் கிட்டே போவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டுக்கும் கதவு வந்தது. மாட்டுகிற நாளில் பத்துப் பெண்கள் சுற்றி நின்று ஒவ்வொரு ஆணியையும் எண்ணாத குறையாகப் பார்த்தார்கள். கல்யாணத்தில்கூடத் தன்னை இத்தனை பேர் பார்த்ததில்லை என்றான் இசக்கியப்பன்.

திறப்பு விழா வைத்துத் தன் பெயரைக் கல்லில் பொறித்துக்கொண்டார் செல்வதுரை. ரிப்பனை வெட்டி, உள்ளே போய், தாழ்ப்பாள் எவ்வளவு உறுதி என்று ஜனத்துக்குக் காட்டினார். புதுத் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. உள்ளேயிருந்து தட்டினார், பிறகு இடித்தார். கதவை உடைக்கலாமா என்று ஜெபசிங் கேட்டார். "நல்ல கதவு சார், உடையாது," என்றான் இசக்கியப்பன் வருத்தத்தோடு. கூரை ஓடுகளைப் பிரித்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். மாலை மட்டும் கழுத்தில் கசங்காமல் இருந்தது.

அருமைநாயகம் அதற்குப் பிறகு சங்குவிளைப் பக்கமே வரவில்லை. கிறிஸ்மஸ் நெருங்கியபோது, அவன் வராவிட்டால் போகட்டும் என்று ஞானபாக்கியமே பலகாரத்தைக் கட்டிக்கொண்டு சாயர்புரத்துக்குப் பஸ் ஏறினாள்.

"வாங்க மயினி," என்று தம்பி பெண்டாட்டி ஜெயசெல்வி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பட்டறையில் அருமைநாயகம் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. சுருள் சுருளாக மரச் சீவல் அவன் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து காப்பியைக் குடித்தாள்.

அவன்தான் முதலில் பேசினான். "காஞ்ச மரம் இருந்திச்சி. அந்த நேரம் பாத்து ஒரு கல்யாண ஆர்டர் வந்துட்டு, அத அங்க போட்டுட்டேன்." மறுபடியும் இரண்டு தடவை இழைத்தான். "அக்கா இருக்கால்லா, பாத்துக்கிடுவான்னு நெனச்சேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவன் தோளில் ஒட்டியிருந்த சீவலை எடுத்துப் போட்டாள்.

"அடுத்து என்ன வாங்குதிய?" என்றான்.

"சந்தைக்குப் பெஞ்சு."

"மைக்குல சொல்லுவியளா?"

"சொல்லுவோம்."

"எப்பம்?"

"எல்லாரும் கேக்கும்போது ஒனக்கும் கேக்கும்."

அவன் முகம் சுண்டியது. இழைப்புளியை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் போனான். கோபித்துக்கொண்டுதான் போகிறான் என்று நினைத்து அவள் எழுந்து எட்டிப் பார்த்தாள். சுவரோரம் நிழலில் கிடந்த பச்சைப் பலகைகளை ஒவ்வொன்றாக வெயிலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான் அருமைநாயகம்.

"ஏளா ஜெயசெல்வி," என்று அவன் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினான், "அக்காவச் சாப்பிட்டுட்டுப் போவச் சொல்லு."